மரினா அணைக்கட்டில் குடும்பத்தோடு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பட்டம் விடுவதற்கென்றே பலர் தேடிப் போகும் புல்வெளிக் கூரைக்குக் கீழே, நகரத்தின் தாழ்வான பகுதிகளை வெள்ளத்திலிருந்து காக்கும் ராட்சத இயந்திரங்கள் இருக்கின்றன. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் சேர்த்தே பார்த்துவிட்டு வருகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

மரினா அணைக்கட்டு என்றால் என்ன?

மரினா கால்வாய் கடலில் சேரும் வாயில், 350 மீட்டர் அகலத்துக்குக் குறுக்கே கட்டப்பட்ட கதவணை. சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆறு, கேலாங் ஆறு, ரோச்சோர் கால்வாய், ஸ்டாம்ஃபர்டு கால்வாய் ஐந்தும் கொண்டுவரும் தண்ணீர் இதற்குப் பின்னால் தேங்கி மரினா நீர்த்தேக்கமாக நிற்கிறது. அந்த நீர்த்தேக்கத்துக்கு வடியும் நிலம் 10,000 ஹெக்டேர், தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு. 1987இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ முன்வைத்த யோசனை இது. கட்டுமானம் 2005இல் தொடங்கி, 2008 அக்டோபர் 31 அன்று திறப்பு விழா நடந்தது. செலவு 226 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). நடத்துவது நாட்டின் தண்ணீர் விநியோகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகம்.

இதற்கு மூன்று வேலை: வெள்ளம் தடுப்பது, குடிநீர் சேர்ப்பது, மக்கள் வந்து பொழுது போக்க இடம் கொடுப்பது. மூன்றாவது பின்னால் ஒட்டவைத்த அலங்காரம் அல்ல, தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இருந்தது. அதனால்தான் நீரேற்றும் நிலையத்தின் தலைமேலேயே புல்வெளி இருக்கிறது.

இது கடலைத் தடுக்கிறதா, ஆற்றைத் தடுக்கிறதா?

இரண்டையும். தமிழ்நாட்டில் கதவணை என்றால் மாயனூர் மாதிரி ஆற்றின் நடுவில் நிற்பது. இரு பக்கமும் அதே காவிரிதான். இங்கே ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் கடல். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வித்தியாசம் 2 மீட்டரைத் தாண்டிவிடும். அணை வருவதற்கு முன் சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் ஆகிய தாழ்வான இடங்களில் வெள்ளம் வந்ததற்குக் காரணம் மழை மட்டுமல்ல. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், ஆற்றுத் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. வாய்க்கால் நிரம்பித் தெருவுக்கு வந்துவிடும்.

மழை கொட்டும்போது அங்கே என்ன நடக்கும்?

அந்த நேரத்தில் கடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கடல் வற்றியிருந்தால் வேலை சுலபம். அணையின் மேல் செல்லும் பாலத்துக்குக் கீழே வரிசையாக 9 எஃகுக் கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 5 மீட்டர் உயரம், நீளம் முப்பது மீட்டரை நெருங்கும். இவை ஷட்டர் போல மேலே தூக்கப்படுவதில்லை. அடிப்பக்கத்தில் கீல் இருக்கிறது. ஹைட்ராலிக் தண்டு தாங்கிப் பிடித்திருக்கும்வரை கதவு நிமிர்ந்து நிற்கும், விட்டால் கடல் பக்கமாகச் சாயும். அதன் மேல் தண்ணீர் வழிந்து கடலுக்குப் போகும். நிமிர்ந்தால் அடைப்பு, படுத்தால் திறப்பு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு புத்தக அட்டை போதும்: மேசையில் நிறுத்திப் பிடித்து, மெல்லச் சாய்த்துக் காட்டுங்கள்.

கடல் ஏறியிருந்தால் கதவைச் சாய்க்க முடியாது. சாய்த்தால் கடல் உள்ளே வந்துவிடும். அப்போது கதவுகள் நிமிர்ந்தே நிற்க, 7 ராட்சதப் பம்புகள் தண்ணீரை அள்ளிக் கடலில் கொட்டும். ஒரு பம்பின் திறன் நொடிக்கு 40 கன மீட்டர்; ஏழும் ஓடினால் 280. ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் 2,500 கன மீட்டர் தண்ணீரை ஒன்பது நொடியில் காலி செய்யும் வேகம் அது.

கதவு திறப்பதைப் பார்க்க முடியுமா?

நேரம் குறித்துப் போய்ப் பார்க்க முடியாது. இது காட்சிக்காகத் திறப்பதல்ல, பெருமழையின்போதுதான் திறக்கும். அந்த நேரத்தில் நீங்களே கூரைக்கடியில் ஒதுங்கியிருப்பீர்கள். மழை விட்ட கையோடு பாலத்தில் நடந்தால் சில நாள் வாய்க்கும். கதவு இயங்கும் முறையைக் காட்சிக்கூடத்தில் உள்ள மாதிரியில் பார்த்துவிட்டுப் பாலத்துக்குப் போனால், நிற்கும் கதவும் புரியும்.

பாலத்தில் நின்று எதைப் பார்ப்பது? கதவு மூடியிருந்தால் வெறும் தண்ணீர்தானே?

இரண்டு தண்ணீர். அதுதான் இங்கே பார்க்க வேண்டியது, பலர் செல்ஃபி எடுத்துவிட்டுத் தவறவிடுவதும் அதைத்தான். நடுப் பாலத்தில் நின்று முதலில் நகரத்துப் பக்கம் பாருங்கள், பிறகு கடல் பக்கம். நீர்த்தேக்கத்தின் மட்டம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். கடலின் மட்டம் நேரத்துக்கு நேரம் மாறும். கடல் பக்கத்துக் கான்கிரீட் தூணில் ஒரு கோடு தெரியும்: அதற்குக் கீழே கருத்து, ஈரமாக, சிப்பி ஒட்டிச் சொரசொரப்பாக இருக்கும், மேலே வெளுத்துக் காய்ந்திருக்கும். கடல் எவ்வளவு உயரம் வரை வந்துபோகிறது என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும். நீர்த்தேக்கப் பக்கத்தில் அப்படி அகலமான ஈரப் பட்டை இருக்காது.

போகும் நாளின் ஏற்ற வற்ற அட்டவணையை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றத்தின் உயரம் 0.5 மீட்டருக்குக் கீழே என்று போட்டிருக்கும் நாள் கிடைத்தால் நல்லது. இரண்டு மட்டங்களுக்கும் இடையிலான வித்தியாசம் கண்ணில் அறையும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். நாள் முழுக்க இருப்பவர்கள் காலையில் ஒரு படமும் மாலையில் அதே இடத்தில் நின்று இன்னொரு படமும் எடுத்து ஒப்பிடலாம். பள்ளித் திட்டப்பணிக்கு இதைவிட எளிய பொருள் கிடைக்காது.

அணை இருந்தும் ஊருக்குள் சில நாள் வெள்ளம் வருகிறதே?

அணை காப்பாற்றுவது கடல் ஏற்றம் எட்டும் தாழ்வான பகுதிகளை. மேட்டில் பெய்யும் மழை அணைவரை வந்துசேர வாய்க்காலில் இடம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழையை வாய்க்கால் கொள்ளாவிட்டால், கீழே கதவு எவ்வளவு திறந்திருந்தாலும் பயனில்லை. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலையில் தண்ணீர் நின்றது. அதன்பின் அந்த வட்டாரத்துக்காகத் தாவரவியல் பூங்காவை ஒட்டி நிலத்தடியில் 38,000 கன மீட்டர் கொள்ளும் தேக்கத் தொட்டியும், தண்ணீரைப் பிரித்து சிங்கப்பூர் ஆற்றுக்குக் கொண்டுபோகும் கால்வாயும் கட்டினார்கள். இரண்டும் 2018இல் முடிந்தன.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

இல்லை. பாலம், கூரை, தண்ணீர் விளையாட்டுத் திடல் எல்லாமே இலவசம். காட்சிக்கூடத்துக்கும் கட்டணம் கிடையாது.

எப்படிப் போவது?

மரினா பே ரயில் நிலையத்தில் இறங்கி 400ஆம் எண் பேருந்து பிடித்தால் அணை வாசலிலேயே விடும். கைக்குழந்தையும் மூட்டை முடிச்சுமாகப் போகிறவர்களுக்கு இதுதான் வசதி. பேருந்துகள் அடுத்தடுத்து வருவதில்லை, புறப்படுமுன் செயலியில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கத் தயார் என்றால், தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் உள்ள கரையோரப் பூந்தோட்ட (கார்டன்ஸ் பை தி பே) நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து பெரியவர் நடைக்குக் கால் மணி நேரம். நான்கு வயதுப் பிள்ளையோடு என்றால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்தக் கட்டணம் உண்டு. வார இறுதியில் ஐந்து மணிக்கு மேல் இடம் தேடிச் சுற்ற வேண்டியிருக்கும்.

எந்த மாதம், எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

கூரையில் நிழல் இல்லை. ஒரு மரம்கூடக் கிடையாது. பதினோரு மணியிலிருந்து நான்கு மணிவரை அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போவது தண்டனை. நாலரைக்கு வந்து காட்சிக்கூடத்தில் குளிர்சாதனத்தில் சுற்றிவிட்டு, ஐந்தரைக்கு மேல் கூரை ஏறி, ஏழு மணியை ஒட்டி வரும் சூரிய மறைவைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்ல வரிசை. காட்சிக்கூடம் மூடும் நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்கள். வடகிழக்குப் பருவக்காற்று அப்போதும் இருக்கும், மழை குறைந்திருக்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்று சோம்பியிருக்கும், பிற்பகலில் இடிமழை வரும். பட்டத்தை மட்டும் நம்பி அந்த மாதங்களில் போகாதீர்கள்.

பட்டம் விட என்னென்ன வேண்டும்?

பிள்ளைகளுக்கு முக்கோண வடிவத்து ஒற்றை நூல் பட்டம், இறக்கை முனைக்கு முனை 1.2 முதல் 1.5 மீட்டர். அதைவிடச் சிறியது காற்றில் துடிக்கும், பெரியது பத்து வயதுப் பிள்ளையின் கையை இழுத்துவிடும். மூன்று மீட்டர் வால் ஒன்று கூடுதலாக. நூல் சுற்றக் கைப்பிடி வைத்த சுருள், பெரியவருக்கு ஒரு ஜோடி பருத்திக் கையுறை.

மாஞ்சா நூல் வேண்டவே வேண்டாம். கண்ணாடித்தூள் பூசிய நூல் கழுத்தை அறுக்கும்; கூரையில் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். டீல் போடும், அதாவது அடுத்தவர் பட்டத்தை அறுக்கும் ஆசையை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எவ்வளவு நூல் விடலாம்?

60 மீட்டர் போதும். சிங்கப்பூரில் பட்டம் 60 மீட்டர், அதாவது 200 அடி உயரத்தைத் தாண்ட வேண்டுமென்றால் அனுமதி வேண்டும். 80 மீட்டர் நூலை 45 பாகைச் சாய்வில் விட்டால் பட்டம் உங்கள் தலைக்கு மேல் ஏறத்தாழ 56 மீட்டரில் நிற்கும்; நீங்கள் நிற்பதே மாடி உயரத்துக் கூரை, ஆகவே எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். 60 மீட்டர் நூல் என்றால் அதே சாய்வில் 42 மீட்டர்தான். 200 மீட்டர் சுருள் வாங்கியவர்கள் 60ஆவது மீட்டரில் சிவப்பு மையால் ஒரு பட்டை போட்டுக்கொண்டால் எண்ண வேண்டியதில்லை.

ஓடி ஓடி இழுத்தும் பட்டம் ஏறவில்லை. ஏன்?

ஓடுவதுதான் முதல் தப்பு. ஓடும்போது நூல் விட்டுவிட்டு இழுபடும், நின்றதும் பட்டம் விழும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இன்னொருவர் பட்டத்தோடு 15 அல்லது 20 மீட்டர் தள்ளிப் போய், மூக்கு வானம் பார்க்கப் பிடித்துக்கொள்ளட்டும். நூல் விறைப்பாக இருக்க வேண்டும். காற்று வீசும் நேரம் பார்த்து அவர் கையை விட்டால் போதும், தூக்கி எறியக் கூடாது. நீங்கள் நின்ற இடத்திலிருந்தே நூலைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தால் பட்டம் எழும். எழுந்து இழுக்கத் தொடங்கிய பிறகுதான் நூல் விட வேண்டும்.

இடமும் முக்கியம். கூரையின் விளிம்பை ஒட்டிக் காற்று சுவரில் மோதிச் சுழலும். அங்கே எந்தப் பட்டமும் தலைகுப்புற விழும். நடுப் புல்வெளிக்கு வாருங்கள்.

அப்படியும் ஏறாவிட்டால் சூத்திரத்தை, அதாவது கைநூலைப் பட்டத்தோடு இணைக்கும் கட்டைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தார் இதையே முச்சை என்பார்கள். பட்டம் கனமாக இழுக்கிறது, ஆனால் பின்னுக்குச் சாய்ந்து ஆடிக்கொண்டு மேலேறவில்லையா? நூல் கட்டும் முடிச்சை மூக்குப் பக்கமாக 1 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். தலைக்கு நேர் மேலே போய் முன்னுக்குக் கவிழ்கிறதா? வால் பக்கமாக 1 சென்டிமீட்டர். ஒரே தடவையில் மூன்று நான்கு சென்டிமீட்டர் மாற்றினால் எது சரி என்று தெரியாமலே போகும். வட்டமடித்து விழுந்தால் சூத்திரத்தைத் தொடாமல் வாலை நீட்டுங்கள். ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தால் இறக்கைக் குச்சிகளில் ஒன்று உறையிலிருந்து நழுவியிருக்கும், பொருத்திவிடுங்கள்.

பட்டம் அறுந்து நீரில் விழுந்தால் எட்டிப் பிடிக்கப் போக வேண்டாம், ஊழியரிடம் சொல்லுங்கள். நூல் துண்டுகளைக் கையோடு சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள். புல்லில் கிடக்கும் நைலான் நூல் பறவையின் காலில்தான் போய் மாட்டும்.

இடி இடித்தால்?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கு மேல் இடி இடிக்கிறது, ஆகவே இது எப்போதாவது வரும் சங்கதி அல்ல. கூரை திறந்த மேடு. அங்கே உயரமான பொருள் நீங்களும் உங்கள் பட்டமும்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடி ஆகவில்லை என்றால் பட்டத்தை இறக்கிவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். நனைந்த நூல் மின்சாரத்தைக் கடத்தும். மழை தொடங்கிவிட்டால் நூலைச் சுற்றிக்கொண்டு நிற்க வேண்டாம், விட்டுவிடலாம், பட்டம் பத்து வெள்ளிதான். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி (myENV) செயலியில் மழைப் படம் இருக்கும். மேற்கே சிவப்புத் திட்டு தெரிந்தால் கூரைக்கு ஏறாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று மழை பெரும்பாலும் விடிகாலையிலோ முற்பகலிலோ அடிக்கும். அந்த மாதங்களில் மாலைதான் நல்லது.

தண்ணீர் விளையாட்டுத் திடலில் பிள்ளைகளை விடலாமா?

விடலாம். தரையிலிருந்து பீறிடும் நீரூற்றுகள், ஆழம் கிடையாது. மாற்றுடை, துண்டு, ரப்பர் செருப்பு எடுத்துப்போங்கள். ஈரமில்லாத தரை வெயிலில் பாதத்தைச் சுடும், ஈரத்தரை வழுக்கும், இரண்டுக்கும் செருப்புதான் மருந்து. பராமரிப்புக்காக மூடும் நாட்கள் உண்டு. அணைக்கட்டின் இணையப் பக்கத்தில் பார்த்த பிறகே பிள்ளைகளிடம் வாக்குக் கொடுங்கள். மூடிய திடலுக்கு முன்னால் அழும் பிள்ளையைச் சமாளிப்பது பெரும்பாடு.

காட்சிக்கூடத்தில் என்ன இருக்கிறது?

தண்ணீர், குப்பை, எரிசக்தி, பருவநிலை பற்றிய நீடித்த நிலைத்தன்மைக் காட்சிக்கூடம் அது. 2018இல் புதுப்பித்தார்கள். தொட்டு இயக்கும் காட்சிகள் இருப்பதால் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பொழுது போகும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, சில சமயம் வேறு நாட்களிலும் மூடுவார்கள்.

சாப்பாட்டுக்கு?

கட்டிச் சோறுதான் சிறந்த வழி. புளியோதரை, சப்பாத்திச் சுருள் எல்லாம் வெயிலைத் தாங்கும். தயிர்ச் சோறு நான்கு மணி நேரத்தில் புளித்துவிடும். மைனாக்களும் காகங்களும் பையைக் கிளறும், ஜிப் போட்டு வையுங்கள். பாய் ஒன்று போதும், கூரையில் அடுப்பு மூட்டக் கூடாது. தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கு. வாங்கிச் சாப்பிட வேண்டுமென்றால், பூந்தோட்டங்களுக்குள் கரையோரமாக இருக்கும் சாத்தே பை தி பே உணவங்காடிக்குப் பத்து நிமிட நடை.

தாத்தா பாட்டியால் கூரைக்கு ஏற முடியுமா?

முடியும். படியே வேண்டாம், கட்டடத்தைச் சுற்றிச் சுழன்று ஏறும் அகலமான சாய்தளம் இருக்கிறது. சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகும். ஏற்றம் நீளமானது, முழங்கால் வலி உள்ளவர்கள் மின்தூக்கியில் போகலாம். புல்லின் மேல் சக்கரம் தள்ளுவது சிரமம், ஓரத்து நடைபாதையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோமா? அதில் குளிக்கலாமா?

சுத்திகரித்த பிறகு, ஆமாம். அணை கட்டி அடைத்தபோது உள்ளே இருந்தது உப்புத் தண்ணீர். மழைத் தண்ணீர் வந்து வந்து அதை வெளியேற்றி, 2010 நவம்பரில் நன்னீர்த் தேக்கமாக அறிவித்தார்கள். நாட்டின் 15ஆவது நீர்த்தேக்கம், நகரின் நடுவில் அமைந்த முதலாவது. நீந்தக் கூடாது. நீர்மட்டம் ஏறி இறங்காததால் படகோட்டத்துக்கு ஆண்டு முழுவதும் ஏற்றது. காலாங் பக்கம் கயாக்கும் டிராகன் படகும் ஓடுவது இந்தத் தண்ணீரில்தான்.

இருட்டிய பிறகு என்ன செய்யலாம்?

கரையோரப் பூந்தோட்டங்களின் மாபெரும் செயற்கை மரங்களில் (சூப்பர்ட்ரீ) ஒளி ஒலிக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும், இலவசம். அணையிலிருந்து பிள்ளைகளோடு நடக்க 25 நிமிடம். சூரியன் மறைந்ததும் கிளம்பினால் முதல் காட்சியையே பிடிக்கலாம்.

கடல் மட்டம் உயர்ந்தால் இந்த அணை தாங்குமா?

2024இல் வெளியான தேசிய ஆய்வின் கணிப்பு, 2100க்குள் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்பது. தீவின் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் 5 மீட்டர்கூட இல்லை. கடல் உயர உயர, கதவைச் சாய்த்துத் தண்ணீரை வெளியேற்றக் கிடைக்கும் வற்ற நேரம் குறையும். பம்புகள் ஓட வேண்டிய நேரம் கூடும். அதனால்தான் பாலத்தின் மறுமுனையில் இரண்டாவது நீரேற்றும் நிலையம் கட்டப்போவதாக 2019இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேரணி உரையில் சொன்னார். அடுத்ததாக, மரினா ஈஸ்ட் முதல் தானா மேரா வரை கடலைத் தூர்த்து, ஏறத்தாழ 800 ஹெக்டேரில் லாங் ஐலண்ட் என்ற நிலப்பரப்பை உயரமாக எழுப்பி, அதற்கும் பழைய கரைக்கும் இடையில் இன்னொரு நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. பெயரைத் தமிழில் சொன்னால் நெடுந்தீவு. அதே பெயரில் தீவு வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் குழம்ப வேண்டாம். கூரையில் நின்று கிழக்கே பாருங்கள். இப்போது கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் அந்தப் பக்கத்தில்தான் கரையை ஒட்டி அது எழவிருக்கிறது.